அம்மா சொன்ன ‘ஆமாங்க’

போன வாரம் அந்த நடிகர் இறந்த செய்தி வந்ததும் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் கைகூப்பிய படம் போட்டீர்கள். நானும் போட்டேன். அத்தனை பேர் போடும்போது நான் மட்டும் போடாமல் இருந்தால் ஒருத்தியாவது ஏன் என்று கேட்பாள். பதில் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘பாவம், நல்ல மனுசன். நடுவுல எவளோ ஒருத்தி செத்து இவரக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க. நம்ம ஊருப் பொம்பளைதான்னு சொல்லுவாங்க. யாருன்னு ஞாபகம் இருக்கா?’

‘யாரோ டெய்லராம்’ என்று ஒருத்தி. ‘தெரியலப்பா’ என்று இன்னொருத்தி. பிறகு யாரோ பேரன் காதுகுத்துப் படங்களைப் போட, பேச்சு அங்கே போய்விட்டது.

அவள் என் சித்தி. என் அம்மாவின் தங்கை. கேட்டவள் ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடத்தில் யாருக்கும் மறக்கும். கேட்டாளே என்பதற்காக எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நம் ஊர் ராயபுரத்தில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனி. காலையில் மிஷின் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய கண்ணாடி லேசாக அதிரும். வெளுக்கப் போட்ட துணியின் காரமான வாடை சோற்றிலும் இருக்கும். ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால்தான் அந்த வாடையே தெரியும். அப்பா அந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவாள். சித்தி அங்கேயே தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கும் சித்திக்கும் அப்பா அம்மா இல்லை. கல்யாணமாகி வந்தபோது அம்மா தங்கையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சித்தி மிஷினில் உட்கார்ந்தால் பேசிக்கொண்டே தைப்பாள். துணியைப் பார்க்கவே மாட்டாள். ஊசி அவள் விரலில் ஒருநாளும் ஏறியதில்லை. பொட்டு வைக்க மறப்பாள், தலையில் எண்ணெய் வைக்க மறப்பாள், எனக்குப் பாவாடை தைக்க மறக்கமாட்டாள்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, காதர்பேட்டையில் பனியன் புரோக்கர். சினிமாவில் துணிமணி பார்க்கும் ஒருவர் கூட்டக் காட்சிகளுக்குப் பனியன் வாங்க அவரிடம் வருவார். ‘கை வேலை தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க’ என்று அவர் கேட்க, பெரியப்பாதான் சித்தியைச் சொன்னார். அம்மாவுக்கு விருப்பமில்லை. பெரியப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, “இங்க மிசின்ல உக்காந்து முதுகு ஒடியறதுக்கு அங்க போயிப் பொழைக்கட்டும் அம்மிணி. நானாச்சு” என்றார். சித்தி ஒரு தகரப் பெட்டியோடு மெட்ராஸ் போனாள்.

அந்த நடிகரின் உடைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்குக் கிடைத்தபோது எங்கள் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. ‘அவரு நெசமாவே செவப்பா?’ என்று கேட்பதற்காகவே அவள் லீவில் வரும்போது பெண்கள் வந்து உட்காருவார்கள். கம்பெனியில் கொடுத்த காலண்டரில் அவர் படம் இருந்தது. எங்கள் வீட்டிலும் மாட்டியிருந்தோம்.

கடைசியாக ஆடி நோம்பிக்கு வந்தபோது சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டே, “இந்தப் படம் முடிஞ்சதும் வந்துடறேங்க்கா. எனக்குப் பயமா இருக்குது” என்றாள். அம்மா, “ஏன் சாமி, என்னாச்சு?” என்றாள். “வந்து சொல்றேன்” என்றாள் சித்தி. ஊருக்குக் கிளம்பும்போது என் தோளிலிருந்து முழங்கால் வரை கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

செய்தி வந்தது ஒரு காலை நேரம். பெரியப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பொள்ளாச்சிக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் படப்பிடிப்பு. மாடி வெராந்தாவிலிருந்து விழுந்து சித்தி செத்துப்போனாள் என்றார். அம்மா பனியன் குவியலுக்கு நடுவில் இருந்தாள். கையில் இருந்த பனியனுக்குப் பிசிறு வெட்டி முடித்துவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் ரொம்ப நாள் பேசினார்கள்.

முதலில் விபத்து என்றார்கள். பிறகு அவள் மணிக்கட்டில் காயம் இருந்தது என்றார்கள். அந்தப் பங்களாவில் நடிகர் அறையில் சத்தம் கேட்டதாக லைட் வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார். நடிகரைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு சித்தியைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. அவர் ஜெயிலில் என்ன சாப்பிட்டார், அவர் வீட்டு நாய் சாப்பிடாமல் கிடக்கிறது, பாதியில் நின்ற படம் என்ன ஆகும், இதுதான் தினம் பேப்பரில். நம் பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே ‘எங்கள் அண்ணன் குற்றமற்றவர்’ என்று தாரில் எழுதியிருந்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருக்குழாயில் அம்மா குடம் வைத்தால் அடுத்த குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

வழக்கு கோயமுத்தூரில் நடந்தது. அம்மா அரசாங்கத் தரப்புச் சாட்சி. ‘பயமா இருக்குது’ என்று சித்தி சொன்னதை அவள் சொல்ல வேண்டும். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். அப்பாவும் பெரியப்பாவும் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தார்கள். பெரியப்பா வழியெல்லாம் திரும்பித் திரும்பி, “நெதானமாப் பேசோணும் அம்மிணி. கேட்டதுக்கு மட்டும் சொல்லு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா ஒவ்வொரு தடவையும், “ஆமாங்க மாமா” என்றாள்.

கோர்ட்டு வளாகத்து மரங்களில் எல்லாம் ஆட்கள் ஏறியிருந்தார்கள். வேர்க்கடலை விற்றார்கள். நடிகரின் படம் போட்ட பனியனும் விற்றார்கள். அது நம் ஊரில் தைத்ததாகத்தான் இருக்கும். போலீஸ்காரர் ஒருவர் எங்களை, “ஓரமா நில்லுங்க, அவர் வர்றாரு” என்று சுவரோடு ஒதுக்கினார். யார் வழக்கு, யாரை ஒதுக்குகிறார்கள் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை, ஒதுங்கி நின்றோம்.

அவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். நெடுநெடுவென்று உயரம். எங்களைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார். அம்மாவைப் பார்த்து, “சாப்பிட்டீங்களாம்மா?” என்றார்.

“ஆச்சுங்க” என்றாள் அம்மா.

நாங்கள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கையில் சந்தன வாசனை. பின்னால் வந்த கூட்டம் ‘எவ்வளவு பெரிய மனசு’ என்று சொல்லிக்கொண்டே போனது. அடுத்த நாள் பேப்பரிலும் அது வந்தது.

உள்ளே ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. மேலே உத்தரத்தில் புறாக்கள். அம்மா கூண்டில் ஏறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னாள். சித்தி தரையைக் கீறியதைக்கூடச் சொன்னாள்.

பிறகு நடிகரின் வக்கீல் எழுந்தார். வயதானவர். சண்டை போடுகிறவராக இல்லை. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற குரலில் பேசினார். முதலில் மேசையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் சாட்டின் கவுன். கழுத்தில் வெள்ளை லேஸ். ஒரு பக்கக் கை மட்டும் வைக்காமல் இருந்தது.

“இது உங்க தங்கச்சி பெட்டியில இருந்துச்சும்மா. அவங்களுக்குக் கல்யாணம் ஆகலை. இது எந்தக் குழந்தைக்கு?”

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. “எம் புள்ளைக்குங்க. அங்க இருக்கறாளுங்க” என்று அம்மா என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வக்கீலும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உங்க பிள்ளைன்னு சொல்றீங்க. சரிம்மா” என்றார். அந்த ‘சரிம்மா’ போதுமாக இருந்தது. ‘இறந்த பெண்ணின் பெட்டியில் சிறுமியின் கவுன், நீதிமன்றத்தில் பரபரப்பு’ என்று பேப்பரில் போட்டார்கள். உங்களில் சிலர் அப்போது என்னிடம் இடைவேளையில் வந்து, ‘நீ உங்க சித்தி புள்ளையாமே?’ என்று கேட்டீர்கள். நான் வீட்டில் போய்க் கேட்கவில்லை. அந்தக் கவுன் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தகரப் பெட்டியும் கிடைக்கவில்லை.

கவுனை வைத்துவிட்டு வக்கீல் தொடர்ந்தார்.

“உங்க தங்கச்சிக்கு சினிமான்னா ரொம்ப ஆசை, இல்லீங்களாம்மா?”

“ஆமாங்க.”

“இவரு படம் போட்ட காலண்டர் உங்க வீட்டுல மாட்டியிருந்தீங்க?”

“ஆமாங்க. கம்பெனில குடுத்ததுங்க.”

“பயமா இருக்குன்னு சொன்னாங்க, சரி. யாரைப் பார்த்துப் பயம்னு பேர் சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“அந்தப் பங்களா வெராந்தாவுல கைப்பிடிக் கம்பி அப்போ ரொம்பத் தணிவு. இடுப்புக்குக் கீழதான் இருந்திருக்கு. இந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் உயர்த்திக் கட்டினோம்னு எஸ்டேட் மேனேஜரே வந்து சொல்லிட்டாரு. அன்னைக்கு நல்ல மழை. தரையெல்லாம் ஈரம். உங்க தங்கச்சி கால் வழுக்கித் தவறி விழுந்திருக்கலாம். இல்லீங்களாம்மா?”

மேலே புறா ஒன்று சிறகடித்தது. எல்லோரும் அம்மாவையே பார்த்தார்கள்.

“ஆமாங்க” என்றாள்.

சர்க்கார் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி அம்மாவிடம், “கேள்வி புரிஞ்சுதாம்மா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் அம்மா மறுபடியும்.

பஸ்ஸில் திரும்பி வந்து வீட்டு வாசலை அடைந்ததும் பெரியப்பா, தெருவில் எல்லோரும் கேட்கும்படி, “ஒத்த வார்த்தையில உந்தங்கச்சிய மறுக்கா ஒருக்காக் கொன்னுபோட்டியே அம்மிணி” என்றார். அப்பா, “அண்ணா, உடுங்க. அவ என்னத்தக் கண்டா? பெரிய மனுசங்க கேட்டா ஆமாங்கன்னுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும்” என்றார். அது அம்மாவைக் காப்பாற்றச் சொன்னது. நம் ஊர்க்காரர்களுக்கு அது சரியாகவும் பட்டது. நமக்கு ஆமாங்க என்றால் ஆமாம் என்றா அர்த்தம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதும் அதுதான். கோர்ட்டில் எழுதிக்கொள்கிறவருக்கு அது தெரியாது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அம்மா விவரமில்லாதவள் என்று முடிவாயிற்று. அவள் அதை மறுக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து நடிகரை விடுதலை செய்தார்கள். கம்பி தணிவாக இருந்ததால் தவறி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு என்று அதில் இருந்ததாம். அம்மாவின் ஒரு சொல்லால் மட்டும் அப்படித் தீர்ப்பு வராது, மேனேஜர் சாட்சிதான் முக்கியம் என்று பல வருடம் கழித்து எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். அன்றைக்கு அதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நம் ஊரில் அன்று சாயங்காலம் வரை பட்டாசு வெடித்தார்கள். கம்பெனி வாசலில் லட்டு கொடுத்தார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி, வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

பாதியில் நின்ற படத்தை முடித்து அந்தத் தீபாவளிக்கு வெளியிட்டார்கள். தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஒரு வாரம் போன பிறகு ஒரு மத்தியானம், நான் பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட வந்தபோது, அம்மா தலைவாரிப் புதுச்சேலை கட்டியிருந்தாள். “வா கண்ணு, போயிட்டு வரலாம்” என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. தியேட்டர் வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. டிக்கெட் கொடுக்கிறவர் அம்மாவை அடையாளம் கண்டு, மேலும் கீழும் பார்த்தார்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் வந்ததும் விசில். காகிதம் கிழித்துப் போட்டார்கள். ஒன்று அம்மா தலையில் விழுந்தது, அவள் எடுக்கவில்லை. கதை எனக்கு ஞாபகமில்லை. இடைவேளைக்கு முன்னால் ஒரு பாட்டு. மலை, தேயிலை, ஓடு வேய்ந்த பங்களா. அவர் மாடி வெராந்தாவில் வந்து நின்று பாடினார். பாட்டின் நடுவில் இரண்டு கைகளையும் மடித்துக் கம்பியின் மேல் வைத்து, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு கீழே கதாநாயகியைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு உயரமானவருக்கு அந்தக் கம்பி நெஞ்சுக்கு இருந்தது. அவர் அதிகம் குனியக்கூட இல்லை.

அந்தப் பாட்டு சித்தி சாவதற்கு முன்பே எடுத்தது. அந்தப் பங்களாவில் அதை எடுக்கும்போது நடுவில் அவர் சட்டைப் பொத்தான் அறுந்து, அங்கேயே தைத்துக் கொடுத்ததைச் சித்தி ஆடி நோம்பியில் எங்களிடம் சொல்லியிருந்தாள். அப்படியானால் கம்பியை யாரும் உயர்த்திக் கட்டவில்லை. முதலிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

இதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. அம்மா தன் கழுத்தில் கையைக் கிடையாக வைத்து அளந்து பார்த்துக்கொண்டதைத்தான் பார்த்தேன். சித்தி அம்மாவைவிடக் குள்ளம். பாட்டு முடிந்ததும் அம்மா எழுந்தாள். “போலாம்” என்றாள். எனக்குப் படம் பார்க்க வேண்டும் போலிருந்தது. இருந்தும் எழுந்து பின்னால் போனேன்.

விஷயம் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தங்கச்சியைக் கொன்னவன் படத்துக்குச் சிங்காரித்துக்கொண்டு போனாள் என்றார்கள். மறுநாள் பெரியப்பா வந்து கத்தினார். அம்மா அவர் கத்தி முடிக்கும்வரை நின்றாள்.

“நீங்க ஒருக்காப் போயிப் பாருங்க மாமா. அந்தப் பங்களாப் பாட்டுல கம்பியப் பாருங்க.”

“எந்தக் கம்பிய?”

“தணிவுன்னாங்களே, அந்தக் கம்பிய.”

பெரியப்பா போனார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாளே கோயமுத்தூர் போய்ச் சர்க்கார் வக்கீலைப் பார்த்தார். அவர் கேட்டுவிட்டு, “சினிமாங்க. படத்துக்காகப் போட்ட கம்பின்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அப்பீல் அரசாங்கம் போடோணும். இனி யாரு போடப் போறாங்க?” என்றாராம். பெரியப்பா இன்னும் இரண்டு மூன்று தடவை போனார். பிறகு போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். விசேஷத்துக்குக்கூடப் பெரியம்மாவை மட்டும் அனுப்புவார். அம்மாமேல் கோபம் தீரவில்லை என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சித்தியை அனுப்பிவைத்தவர். அம்மா முகத்தைப் பார்க்க அவரால் முடியாமல் இருந்திருக்கும். எனக்கு இந்த வயதில்தான் அது தெரிகிறது.

அந்தப் படம் நூறு நாள் ஓடியது. படம் மாறுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கொல்லையில் துவைக்கிற கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தேன். சும்மாதான் கேட்டேன்.

“ஏம்மா, கோர்ட்டுல நீ எதுக்கு ஆமாங்கன்னு சொன்ன? புரியாமச் சொன்னதா?”

“புரிஞ்சுதான் சொன்னேன்.”

அப்பாவின் வேட்டியைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தாள்.

“வழுக்கி உழுந்திருக்கலாமில்லன்னு அந்த ஐயா கேட்டாரு. அப்புடி இருந்தா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு கண்ணு. வழுக்கி உழுந்தா ஒரு நொடிதான? பக்கத்துல ஆளு இருக்காது. அவ யாரையும் கெஞ்சிக் கூத்தாடி இருக்கமாட்டா.”

“அப்பறம் எதுக்குப் படத்துக்குப் போன?”

“அந்தக் கம்பி தணிவாத்தான் இருக்குதான்னு ஒருக்காக் கண்ணுல பாத்துட்டா மனசு ஆறிப்போகும்னு போனேன்.”

அடுத்த துணியை எடுத்தாள். கல்லில் இரண்டு தடவை அடித்தாள். பிறகு வாளியைப் பார்த்துவிட்டு, “ஒரு கொடந் தண்ணி எடுத்துத் தா கண்ணு” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.